காரின் ஹாலஜன் பல்பை எல்இடிக்கு மாற்றுவதற்கு முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப் பட்டணங்களில் கடைவரிசையைத் தாண்டித் தோட்டத்துச் சாலைக்குள் திரும்பினால் இருட்டுதான். இரு பக்கமும் செம்பனை. எதிரே குலை ஏற்றி வரும் லோரி, ஓரமாகப் பின்விளக்கு எரியாத கப்சாய் மோட்டார், சில நேரம் நடுச்சாலையில் படுத்திருக்கும் மாடு. இந்தச் சாலைகளில் ஓட்டுபவர் ‘லைட்டு பத்தலை’ என்று சொன்னால் அது நியாயமான குறை. ஸ்பேர்பார்ட் கடையிலும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் அதற்கு உடனே கிடைக்கும் பதில், ‘எல்இடி போட்டுடுங்க’ என்பது. சில கார்களுக்கு அது சரியான பதில். பல கார்களுக்கு அதனால் கண்கூச்சம் மட்டுமே கூடுகிறது, தூரப் பார்வை கூடுவதில்லை. எந்தக் காருக்கு எது என்று தெரிய, விளக்குக் கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

கிண்ணமும் இழையும்

முகப்பு விளக்கில் பல்பு பாதி வேலைதான் செய்கிறது. மீதி வேலை அதன் பின்னால் இருக்கும் பளபளப்பான கிண்ணத்துடையது, அதாவது ரிஃப்ளெக்டருடையது. ஹாலஜன் பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 4 முதல் 5.5 மில்லிமீட்டர் நீளம், ஒன்றரை மில்லிமீட்டர் பருமன். அந்தச் சின்ன இழை கிண்ணத்தின் குவியத்தில் எந்த இடத்தில் நிற்கும் என்று மில்லிமீட்டரின் சின்னப் பகுதி வரை கணக்குப் போட்டுத்தான் கிண்ணத்தின் வளைவை வடிவமைக்கிறார்கள். இழை கொஞ்சம் நகர்ந்தாலும் வெளிச்சம் வேறெங்கோ போய் விழும். பழைய டார்ச் லைட்டின் தலையைத் திருகினால், அதே பல்பு ஒரு நேரம் கூர்மையான புள்ளியாகவும் மறு நேரம் கலங்கிய வட்டமாகவும் தெரியுமே, அதே சங்கதிதான் இங்கும்.

பழைய பெரோடுவா மைவி, வீவா போன்ற கார்களில் இருக்கும் எச்4 பல்பை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இரண்டு இழைகள். லோ பீம் (கிட்ட வெளிச்சம்) இழை 55 வாட், ஹை பீம் (தூர வெளிச்சம்) இழை 60 வாட். லோ பீம் இழைக்குக் கீழே சிறிய உலோகக் குவளை ஒன்று இருக்கும். இழையிலிருந்து கீழே போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடுவதால் கிண்ணத்தின் மேல் பாதி மட்டுமே வேலை செய்யும். மேல் பாதியில் பட்ட வெளிச்சம் கீழ்நோக்கிச் சாலைக்குப் போகும். காரைச் சுவருக்கு நேரே நிறுத்தி லோ பீம் போட்டால், மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று ஒரு கோடு தெரியும். அந்த வெட்டுக்கோட்டை உண்டாக்குவது அந்தக் குவளையின் விளிம்புதான். மலேசியாவில் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால் கோட்டின் இடது பகுதி மட்டும் சற்று மேலேறும். ஓரமாகப் போகிறவரையும் சாலைப் பலகையையும் காட்ட வேண்டும், எதிரே வருபவரின் கண்ணில் படக்கூடாது, அதற்காகத்தான் அந்த ஏற்றம்.

எல்இடி பல்பில் இழை கிடையாது. ஒரு தகட்டின் இரு பக்கமும் தட்டையான சில்லுகளை ஒட்டியிருப்பார்கள். இழை சுற்றிலும் ஒளி தரும். சில்லு தன் முகம் பார்க்கும் பக்கம் மட்டும் தரும். தகடு தடிப்பாக இருந்தால் இரண்டு சில்லுகளும் குவியத்திலிருந்து விலகி இரண்டு பக்கமும் தள்ளி நிற்கும். கிண்ணத்துக்கு அது ஒரு மெல்லிய இழையாகத் தெரியாது, பிளந்த இரண்டு விளக்குகளாகத் தெரியும். அதனால் வெட்டுக்கோட்டுக்கு மேலே வெளிச்சம் சிதறும், கீழே நடுப்பகுதியில் குவிய வேண்டிய வெளிச்சம் பரவிப்போகும். நல்ல எல்இடிக்கும் மட்டமான எல்இடிக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இந்தத் தடிப்பில்தான் இருக்கிறது. சில்லுகள் இழையின் அளவிலேயே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே தகட்டின் தடிப்பு 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பழைய ஹாலஜன் பல்பைப் பக்கத்தில் வைத்து, அடித்தட்டிலிருந்து இழை வரை உள்ள தூரமும் சில்லு வரை உள்ள தூரமும் ஒன்றா என்று பாருங்கள். கடையிலேயே ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. பெட்டியில் அச்சடித்த எண்களைவிட இதை நம்பலாம்.

அந்த எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘100 வாட், 20,000 லூமன்’ என்று பெட்டியில் இருக்கும். லூமன் என்பது பல்பு தரும் மொத்த ஒளியின் அளவு. நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் வரை தரும். இந்த அளவுப் பல்பு உண்மையில் இழுப்பது பெரும்பாலும் 20, 25 வாட். அதாவது ஒரு பல்புக்கு 2,000 முதல் 3,000 லூமன் வந்தாலே பெரிது. ஒப்பிட, எச்4 ஹாலஜனின் லோ பீம் சுமார் 1,000 லூமன், ஹை பீம் 1,650. எச்7 சுமார் 1,500. சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, பல்பின் வயரோடு தொடராக இணைத்துப் பாருங்கள். 13.5 வோல்ட்டில் 1.8 ஆம்பியர் காட்டினால் அது 24 வாட் பல்பு. உண்மையிலேயே 100 வாட்டாக இருந்தால் 7 ஆம்பியருக்கு மேல் காட்ட வேண்டும். காட்டாது.

பல்பை வாங்கும் முன்

மங்கலான விளக்குக்குப் பல்பு காரணமாக இல்லாமல் இருப்பது மிகவும் சாதாரணம். பத்து வருடம் வெயிலில் நின்ற காரின் விளக்குக் கண்ணாடி உண்மையில் கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். புறஊதாக் கதிர் அதை மஞ்சளாக்கி மூடுபனி போல் ஆக்கிவிடும். அந்த மஞ்சளுக்குப் பின்னால் எவ்வளவு பலமான எல்இடி போட்டாலும் வெளிச்சம் பிளாஸ்டிக்கிலேயே சிதறும், எதிரே வருபவரின் கண்ணைத்தான் குத்தும். 1000, 1500, 2000, 3000 என்று வரிசையாகத் தண்ணீர்ச் சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்து, பாலிஷ் செய்து, கடைசியில் புறஊதா தாங்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகிவிடும். பற்பசை தேய்ப்பதும் அப்படித்தான்.

இரண்டாவது, வோல்ட். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டின் ஏறக்குறைய 3.4 மடிப் பெருக்கத்தில் மாறும். எளிதாகச் சொன்னால், பல்புக்கு 13.2 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால், பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வோல்ட் குறைவுக்கு வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். பழைய காரில் ஸ்விட்ச், கருகிய சாக்கெட், துருப்பிடித்த எர்த் வயர் ஆகிய மூன்றும் சேர்ந்து இந்த வேலையைச் செய்யும். எஞ்சின் ஓடும்போது லைட்டைப் போட்டு, பேட்டரி முனைகளில் ஒரு அளவு, பல்பு சாக்கெட்டின் பின்புறத்தில் ஒரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிங்கில் கோளாறு. இரண்டு ரிலே, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஃபியூஸ் வைத்து, ஒயரிங் கடையில் தனி இணைப்புப் போட்டுத் தருவார்கள். எங்கள் கருத்தில், பழைய புரோட்டோன் சாகாவுக்கும் மைவிக்கும் எல்இடியைவிட இதுவே முதல் செலவாக இருக்க வேண்டும். புது ஹாலஜன் ஜோடியும் சரியான வோல்ட்டும் தெளிந்த கண்ணாடியும் சேர்ந்தால் பலருக்கு எல்இடி தேவைப்படாமலே போகும். இழை தேய்ந்த பழைய ஹாலஜனுக்குப் பதில் புதிதைப் போடும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

மூன்றாவது, விளக்கு நிற்கும் கோணம். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

சட்டத்தின் நிலையையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். விளக்குக் கூட்டின் மேல் பொறித்திருக்கும் முத்திரையில் ‘எச்சி’ (HC), ‘எச்ஆர்’ (HR) அல்லது ‘எச்சிஆர்’ (HCR) என்ற எழுத்துகள் இருந்தால், அந்தக் கூடு ஹாலஜன் பல்போடு சோதித்து அங்கீகரிக்கப்பட்டது என்று பொருள். வேறு வகை ஒளிமூலம் போட்டால் அந்த அங்கீகாரம் செல்லாது. மலேசியா 2006 முதல் ஐநா வாகன ஒழுங்குமுறை ஒப்பந்தத்தில் உறுப்பு நாடு. எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்குக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே சம்மன் எழுதலாம். ஜெர்மனியில் 2020இல் ஒஸ்ராமின் எச்7 எல்இடி பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. அதுவும் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும்தான். ஒரு கிண்ணத்தில் ஒழுங்காக நடக்கும் பல்பு வேறு கிண்ணத்தில் நடக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2017 இறுதியில் வந்த மூன்றாம் தலைமுறை மைவியைப் போல் கம்பெனியிலேயே எல்இடி முகப்பு விளக்கோடு வந்த கார்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவற்றின் கிண்ணமே எல்இடிக்காக வடிவமைத்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது

முதலில் பல்பின் வகை. பழைய பல்பின் அடித்தட்டிலேயே எச்4, எச்7, எச்11 என்று எழுதியிருக்கும். எச்4இல் மூன்று முனை, ஒரே பல்பில் ஹை பீம், லோ பீம் இரண்டும். மற்ற இரண்டிலும் ஒரே ஒளிமூலம்தான். உங்கள் விளக்கு வெறும் கிண்ணமா, உருண்டை லென்ஸ் வைத்த புரொஜெக்டரா என்றும் பாருங்கள். புரொஜெக்டருக்குள் வெட்டுக்கோட்டுக்கென்று தனித் தடுப்பு இருப்பதால் எல்இடி போட்டாலும் மேலே சிதறுவது குறைவு. கிண்ண வகையில்தான் தவறு பெரிதாகத் தெரியும்.

நிறத்தில் மயங்க வேண்டாம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம் கூடும். ஹாலஜன் சுமார் 3,200 கெல்வின். கடையில் கிடைக்கும் எல்இடி பெரும்பாலும் 6,000 அல்லது 6,500. நீலம் கலந்த வெண்மை கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், ஆனால் எதிரே வருபவருக்கு அதே அளவு வெளிச்சத்தில் அதிகக் கூச்சம் தரும். 5,000 பக்கம் கிடைத்தால் அதையே எடுங்கள். மழைக்கும் புகைமூட்டத்துக்கும் மஞ்சள்தான் ஊடுருவும் என்று பலர் சொல்வார்கள். பனித்துளியும் மழைத்துளியும் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. அங்கே உங்களுக்குத் தொல்லை தருவது வெட்டுக்கோட்டுக்கு மேலே போகும் சிதறல். அது துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வெள்ளைத் திரை போல் நிற்கும்.

பிறகு சூடு. ஹாலஜன் தன் சூட்டைப் பெரும்பாலும் கதிராக முன்னால் விட்டுவிடும். எல்இடியின் சூடு பின்பக்கத்தில், சில்லுக்கு அடியில் தேங்கும். அதை அலுமினியத் தகடோ காற்றாடியோ வெளியேற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் எஞ்சின் ஓடும்போது விளக்கின் பின்னால் இருக்கும் காற்று 60 டிகிரியைச் சுலபமாகத் தொடும். காற்றாடி வைத்த பல்பு தார்ச் சாலையில் நன்றாகவே ஓடும். செம்மண் சாலையில் தினமும் போய் வரும் காருக்கு நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். அந்தச் சிவப்புத் தூசி மழை ஈரத்தோடு சேர்ந்து காற்றாடியின் அச்சில் களிம்பு போல் பிடித்துக்கொள்ளும். காற்றாடி நின்றாலும் பல்பு உடனே அணையாது. வீட்டில் போட்டுப் பார்க்கும்போது பளிச்சென்று எரியும், ஓட்டி பத்து நிமிடம் கழித்து மங்கும் அல்லது விட்டு விட்டு எரியும். ஃபோர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) காட்டினால் அப்போது நன்றாக எரியும். தோட்டச் சாலைக்குக் காற்றாடி இல்லாத, 15 முதல் 20 வாட் அளவுப் பல்பே பொருத்தம். எதை வாங்கினாலும் அரை மணி நேரம் எரியவிட்ட பிறகு வெளிச்சத்தைப் பாருங்கள். முதல் நிமிட வெளிச்சம் எல்லாப் பல்பிலும் நன்றாகத்தான் இருக்கும்.

பொருத்துதல்

பழைய பல்பைக் கழற்றுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். தரை சமமாக உள்ள இடத்தில், தோட்ட மண்டபச் சுவரோ வீட்டுச் சுவரோ, காரை 5 மீட்டர் தள்ளி நேராக நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும், உள்ளே விளக்கு ஏற்றி இறக்கும் சக்கரம் இருந்தால் அது 0வில் இருக்கட்டும். லோ பீம் போட்டு, சுவரில் தெரியும் வெட்டுக்கோட்டை மாஸ்கிங் டேப்பால் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவுகோல் இதுதான்.

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, பல்பு ஆற விடுங்கள். சாக்கெட்டை நேராக இழுங்கள். ஆட்டி ஆட்டி இழுத்தால் பழைய பிளாஸ்டிக் உடையும். பின் ரப்பர் மூடியைக் கழற்றுங்கள். கம்பிக் கிளிப்பை அழுத்திப் பக்கவாட்டில் விடுவித்தால் பல்பு கையோடு வரும். அதைத் தூக்கி எறியாமல், கண்ணாடியில் விரல் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் பழுதாகி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

எச்4 எல்இடியில் பெரும்பாலும் மூன்று காது வைத்த வளையம் தனியாகக் கழன்று வரும். வளையத்தை முதலில் கூட்டில் வைத்துக் கிளிப்பை மாட்டுங்கள், ரப்பர் மூடியைப் போடுங்கள், அதற்குப் பிறகு பல்பின் உடலை உள்ளே செருகித் திருகிப் பூட்டுங்கள். சில்லுகள் இடமும் வலமும் பார்க்க வேண்டும், கடிகாரத்தில் 3 மணியும் 9 மணியும் போல. பல்பில் உள்ள குவளை அடிப்பக்கம் இருக்க வேண்டும். மேலும் கீழும் பார்த்தபடி பொருத்தினால் வெட்டுக்கோடே இருக்காது. இரவில் எதிரே வந்து கண்ணைப் பறிக்கும் கார்களில் பல இந்த ஒரு தவற்றால்தான் அப்படி வருகின்றன.

பின்னால் இருக்கும் தகடு பெரிதாக இருந்து ரப்பர் மூடி உட்காரவில்லை என்றால் மூடியை அறுக்காதீர்கள். மூடி இல்லாத கூட்டுக்குள் தூசியும் மழைநீரும் போய்க் கிண்ணத்தின் பளபளப்பான பூச்சு கெட்டுவிடும். பூச்சு போனால் கூட்டையே மாற்ற வேண்டும். எல்இடி முன்பக்கம் சூடாக்காது என்பதால் உள்ளே புகுந்த ஈரம் ஹாலஜனில் போல் விரைவில் காயாது. மூடி உட்காரும் அளவு பல்பைத் தேடுவதே நல்லது. டிரைவர் பெட்டி, அதாவது எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சிறு பெட்டி, தனியாக இருந்தால் ரேடியேட்டர் காற்றாடியில் சிக்காத இடத்தில் கேபிள் டையால் இறுக்கிக் கட்டுங்கள். தொங்கவிட்டால் குழிச் சாலையில் வயர் அறுந்துவிடும்.

முதலில் ஒரு பக்கம் மட்டும் மாற்றுங்கள். இதுதான் இந்த வேலையிலேயே பயனுள்ள யோசனை. ஒரு விளக்கில் ஹாலஜன், மறு விளக்கில் எல்இடி, சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். எல்இடியின் கோடு டேப்பின் மேல் விழுகிறதா? கோட்டுக்கு மேலே மங்கலான சிதறல் இருக்கிறதா? கோட்டுக்குச் சற்றுக் கீழே அதிக வெளிச்சம் குவிந்திருக்கிறதா, அல்லது குவியல் காரின் மூக்குக்குக் கீழே இறங்கிவிட்டதா? கோடு சாய்ந்திருந்தால் பல்பை வளையத்துக்குள் சில டிகிரி திருப்பிப் பாருங்கள். எவ்வளவு திருப்பியும் மேலே சிதறுகிறது என்றால் அந்தப் பல்பு அந்தக் கிண்ணத்துக்கு ஆகாது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விளக்கையே கீழே இறக்கிச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். அப்படிச் செய்தால் சிதறலோடு சேர்ந்து தூர வெளிச்சமும் போய்விடும்.

தூர வெளிச்சம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 22 மீட்டர். எதிரே ஒன்றைப் பார்த்துக் கால் பிரேக்கில் படுவதற்கு ஒன்றரை வினாடி என்று வைத்தால் 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் 70 மீட்டர் பக்கம், மழையில் அதைவிடக் கூட. தவறான எல்இடி காருக்கு முன்னால் 10, 15 மீட்டரை வெள்ளையாகக் காட்டும். கண்மணி அந்த வெளிச்சத்துக்குச் சுருங்கிக்கொள்வதால் அதற்கு அப்பால் இருப்பது இன்னும் கறுப்பாகத் தெரியும். ஓட்டுபவருக்கோ நல்ல வெளிச்சம் இருப்பதுபோல் ஒரு தைரியம் வந்து வேகம் கூடும்.

கோளாறும் காரணமும்

எச்7இல் போட்டதும் எரியவில்லை என்றால் சாக்கெட்டைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். எல்இடிக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் உண்டு, ஹாலஜனுக்கு இல்லை. எச்4இல் திருப்ப முடியாது. அங்கே எரியாவிட்டாலோ, ஹை பீம், லோ பீம் இடம் மாறினாலோ, டாஷ்போர்டில் ஹை பீம் நீல விளக்கு வராவிட்டாலோ, உங்கள் கார் எர்த் பக்கத்தில் ஸ்விட்ச் செய்யும் வகையாக இருக்கலாம். சில ஜப்பானிய வகைக் கார்களில் அப்படி உண்டு. சாக்கெட்டின் பொது முனையில் எர்த்துக்குப் பதில் 12 வோல்ட் காட்டினால் உறுதி. அதற்கென்று இடைமாற்றி வயர் கிடைக்கும்.

லைட் போட்டதும் மின்னல் எஃப்எம் கரகரத்தால், கோளாறு வானொலியில் இல்லை. டிரைவரிலிருந்து வரும் மின்னிரைச்சல் அது. வயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் குறையும், குறையாவிட்டால் டிரைவர் மட்டமானது. புதிய கார்களில் பல்பு எச்சரிக்கை விளக்கு வருவதும் பல்பு மினுக்குவதும் கணினி மிகக் குறைந்த மின்னோட்டத்தைக் கண்டு பல்பு போய்விட்டதாக நினைப்பதால். அதற்குச் சுமைத்தடை, அதாவது கூடுதல் மின்னோட்டம் இழுக்கும் ரெசிஸ்டர், வைப்பார்கள். அது கடுமையாகச் சூடாகும், பிளாஸ்டிக்கிலும் வயரிலும் படாமல் உலோகத்தில் திருகிப் பொருத்த வேண்டும். ஃபியூஸைப் பெரிதாக்க எந்தக் காரணமும் இல்லை. எல்இடி குறைவாகத்தான் இழுக்கிறது. ஃபியூஸ் போனால் எங்கோ ஷார்ட் ஆகிறது.

இரண்டு பக்கமும் முடிந்ததும் கோணத்தைச் சரிபாருங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் என்றால், 5 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் வெட்டுக்கோட்டின் சமமான பகுதி 60 சென்டிமீட்டரில் விழ வேண்டும். 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம், அதாவது ஒரு விழுக்காடு. பல கார்களில் விளக்குக் கூட்டிலேயே இந்த விழுக்காடு பொறித்திருக்கும். இருந்தால் அதன்படி வையுங்கள். கூட்டின் பின்னால் இருக்கும் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். பிறகு ஒருவரைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு, 25 மீட்டர் முன்னால் போய், மோட்டாரில் உட்கார்ந்தவரின் கண் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். லோ பீமில் கண் கூசினால் வேலை இன்னும் முடியவில்லை. குடும்பத்தோடும் சாமானோடும் போகும்போது பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும். அப்போது உள்ளே இருக்கும் சக்கரத்தை 1 அல்லது 2க்குத் திருப்ப மறக்காதீர்கள்.

குழிச் சாலை அதிர்வில் பல்பு வளையத்துக்குள் தளரும். ஒரு மாதம் ஓட்டிய பிறகு அதே சுவர், அதே 5 மீட்டர், கோட்டை மறுபடி பாருங்கள். எல்இடி பழுதானால் அது பெரும்பாலும் இரவில்தான் தெரியவரும். துணியில் சுற்றி வைத்த பழைய ஹாலஜன் ஜோடியையும் அசல் ரப்பர் மூடியையும் டாஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். எந்தச் சாலையோரத்திலும் கருவி இல்லாமல் கையாலேயே மாற்றிவிடலாம்.